நடுவயதில் ஆசிரியப் பயிற்சி: புதுக்கோட்டை அறிவொளி அனுபவத்தை முன்வைத்து

ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான உச்ச வயது தமிழ்நாட்டில் 2020இல் பொதுப் பிரிவினருக்கு 40, ஏனையோருக்கு 45 என வரையறுக்கப்பட்டது. 2023இல் அது முறையே 53, 58 என உயர்ந்தது. வேறு தொழிலில் இருபது ஆண்டு கழித்தவருக்கும் வகுப்பறை திறந்துவிட்டதாக இதைப் பார்த்தால் தோன்றும். நடைமுறையில் இந்தத் தளர்வின் பயன் பெரும்பாலும் எப்போதோ பி.எட். முடித்துவிட்டு, நியமனத்துக்குக் காத்திருந்தே வயதேறியவர்களுக்குத்தான். நாற்பது வயதில் ஆசிரியப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்க விரும்புகிறவருக்குத் தடையாக நிற்பது வயது வரம்பைவிடப் பயிற்சியின் அமைப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக் குடும்பம் நடத்தும் ஓர் அறிவியல் பட்டதாரியை எண்ணிப் பார்ப்போம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. ஆண்டுக்கு 200 வேலைநாள். பாட வகுப்புகளில் 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடு. தொலைநிலைவழி பி.எட். இருக்கிறது, ஆனால் அது பணியிலுள்ள தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும், ஏற்கெனவே ஓர் ஆசிரியப் பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்கும் மட்டுமே உரியது. ஆக, வேலையை விடாமல் படிக்கும் வசதி ஆசிரியராக இருப்பவருக்குக் கிடைக்கிறது, ஆசிரியராக வர விரும்புகிறவருக்குக் கிடைப்பதில்லை. படிப்புக்குப் பின் தகுதித் தேர்வு. 2018ஆம் ஆண்டின் 149ஆம் எண் அரசாணைக்குப் பிறகு, அரசுப் பள்ளி வேலைக்கு அதற்கும் மேல் தனிப் போட்டித் தேர்வு. இரண்டாண்டு வருமானமில்லாமல் குடும்பத்தைத் தாங்கக் கூடியவரே இந்தப் பாதையில் கால் வைக்க முடியும்.

இதே மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் வேறொரு வழியில் சென்றது. 9 முதல் 45 வயது வரையிலான எழுத்தறியாதோருக்குக் கற்பிக்க ஊர்தோறும் தொண்டர்கள் தேவைப்பட்டனர். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் அவர்களை ஊருக்குள்ளேயே தேடினர். பட்டமோ வயதோ நிபந்தனையாகவில்லை. முதலில் மாவட்ட அளவிலான கருத்தாளர்கள், அவர்களிடமிருந்து முதன்மைப் பயிற்றுநர்கள், பிறகு தொண்டர்கள் என்று பயிற்சி அடுக்கடுக்காக இறங்கியது. கூலியில்லாத மாலை வகுப்புதான். கல்குவாரித் தொழிலாளர், செயற்கை வைரம் தீட்டுவோர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் என்று பல தொழிலினர் இயக்கத்துக்குள் வந்தனர். கல்குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்த காலமும் அதுவே. கணக்கும் கையெழுத்தும் அப்பெண்களுக்கு அன்றாடத் தேவையாயின. 1992 ஆகஸ்டில் முழு எழுத்தறிவு மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது.

அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கற்றுக்கொண்ட மிதிவண்டியைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண் விடுதலையின் சின்னமாக. அது சரியே. ஆசிரியக் கல்வியின் கோணத்தில் அதில் இன்னொன்றும் தெரிகிறது. நேற்றுச் சைக்கிள் கற்ற பெண் இன்று அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். கற்பவருக்கு எந்த இடத்தில் பயம் பிடிக்கும், எந்த நொடியில் பின்பிடியை விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவரும் வயது வந்த பிறகே அதைக் கற்றவர். நடுவயதில் பயிற்சிக்கு வருகிறவரிடம் இந்த நினைவு பசுமையாக இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியிடம் இதை எதிர்பார்ப்பது கடினம் என்றே நினைக்கிறேன்.

எதிர்வாதம் வலுவானது. அறிவொளித் தொண்டர் பெரியவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். எட்டாம் வகுப்பு அறிவியலைக் கற்பிப்பது வேறு வேலை. செய்முறையற்ற பட்டங்கள் பெருகிவிடக் கூடாது என்ற கவலைக்கும் நியாயம் உண்டு. அனுபவசாலி என்பதாலேயே ஒருவர் நல்ல ஆசிரியராகிவிடவும் மாட்டார். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் வெளியிட்ட நூலில், மாணவராக இருந்த காலமெல்லாம் ஆசிரியரைப் பார்த்துப் பார்த்தே கற்பித்தல் பற்றிய ஒரு படம் நம்முள் பதிந்துவிடுவதைக் காட்டினார். இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் பள்ளிக்குத் திரும்புகிறவரிடம் அந்தப் பழைய படம் கெட்டியாகிக் கிடக்கும்; பிரம்பும் மனப்பாடமும் அதில் இருக்கலாம். அதைக் கலைக்க வகுப்பறையில் நீண்ட நாள் நிற்பதும், நல்ல வழிகாட்டி ஒருவர் கூடவே இருப்பதும் வேண்டும். ஆகவே 20 வாரப் பள்ளிப் பயிற்சியில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்வதற்கில்லை.

மாற்ற வேண்டியது பாட வகுப்புகளின் நேரமும் இடமும். புதுக்கோட்டையில் அரசு கல்வியியல் கல்லூரியும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. உளவியலையும் கல்வித் தத்துவத்தையும் மாலையிலும் வார இறுதியிலும் மூன்றாண்டுக்குப் பரப்பி நேரடியாகவே நடத்தலாம். இங்கிலாந்தில் 2016இல் லூசி கெல்லவே தொடங்கிய 'நௌ டீச்' அமைப்பு, பல்லாண்டு வேறு பணியில் இருந்தவர்களை ஆசிரியப் பயிற்சிக்கு அழைத்துவந்தது. அவரே ஐம்பது கடந்து பத்திரிகை வேலையை விட்டு வந்தவர். ஆனால் அங்கே சேமிப்புள்ளவர்கள் வந்தார்கள். நம் கடைக்கணக்கருக்குச் சேமிப்பு இராது.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாநிலமெங்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அந்த உழைப்பைப் பயிற்சிப் படிப்பில் வரவு வைக்காமல் விடுவது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். அவர்களுள் பட்டம் பெற்றவர்களுக்கு மாலைநேர பி.எட். இடங்களில் முன்னுரிமை தரலாம். 20 வாரப் பயிற்சியைத் தம் ஒன்றியத்துப் பள்ளியிலேயே செய்ய விடலாம். அந்த ஐந்து மாதத்துக்கும் குறைந்தபட்சக் கூலி அளவுக்காவது உதவித்தொகை வேண்டும். தொகை இல்லாமல் நேரத்தை மட்டும் தளர்த்தினால், விராலிமலைப் பக்கம் ஆலை வேலைக்குப் போகும் பெண் இரண்டாண்டுக்குப் பதில் மூன்றாண்டு விண்ணப்பிக்காமல் இருப்பார்.