தோல் தைத்தவரின் விருந்து

நம் வரலாற்று நூல்களில் சுல்தான்களுக்குக் கிடைத்த இடம் கைத்தொழிலாளருக்குக் கிடைத்ததில்லை. இப்னு பதூதாவின் பயணநூல் அதற்கு விலக்கு. அவ்விலக்கும் கைநழுவிப் போகவிருந்தது!

1330களில் அவர் அனாத்தோலியாவின் தென்கரைத் துறைமுகமான அந்தாலியாவில் ஒரு மதரஸாவில் தங்கியிருந்தார். பழைய உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து துருக்கி மொழியில் விருந்துக்கு அழைத்தார். இப்னு பதூதா இசைந்தார். ஆயினும் வந்தவர் போனதும், இந்த ஏழைக்கு நாம் சுமையாகலாமா என்று தயங்கினார். மதரஸாவின் ஷைகு சிரித்துவிட்டார். அழைத்தவர் தோல் தைப்பவர். பல தொழில்கள் புரியும் ஏறத்தாழ 200 பேர் தலைவராகத் தேர்ந்துகொண்ட ‘அகீ’ அவரே. உடையையும் தொழிலையும் கொண்டு மனிதரை எடைபோடும் வழக்கம் நம் ஊர்களில் மட்டும் இல்லை போலும்.

அத்தொழிலாளர் ஒன்றுகூடி ஒரு ஜாவியா கட்டியிருந்தனர். பகலெல்லாம் அவரவர் தொழில். அஸருக்குப் பின் அன்றைய வருவாய் முழுதும் தலைவரிடம் சேரும். அதில் கனியும் உணவும் வாங்குவர். வழிப்போக்கர் வந்தால் அவருக்கே விருந்து. எவரும் வராவிடில் தாமே கூடி உண்பர். விடிந்ததும் மீண்டும் தொழில். மஃரிபுக்குப் பின் அங்கே சென்ற இப்னு பதூதா கண்டவை அழகிய விரிப்புகளும் இராக்கியக் கண்ணாடி விளக்குகளும்.

‘அகீ’ என்பதை ‘என் சகோதரர்’ எனும் அரபுச் சொல்லாகவே அவர் கொண்டார். வள்ளலைக் குறிக்கும் துருக்கிச் சொல்லின் திரிபு என்பாரும் உளர். இரண்டும் பொருந்தவே செய்கின்றன.

பின்னர் லாதிக் நகரில் கடைகளிலிருந்து இறங்கி வந்தோர் அவர்தம் குதிரைகளின் கடிவாளங்களைப் பற்றினர், வேறு சிலர் வந்து தடுத்தனர், கத்திகளும் உருவப்பட்டன. கொள்ளையர் என்றே பயணிகள் அஞ்சினர். அரபு அறிந்த ஒருவர் வந்து விளக்கினார்: இருவேறு அகீகளின் கூட்டத்தார், விருந்தினர் யாருக்கு என்று சண்டையிடுகின்றனர். இறுதியில் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டனர்.