பெர்க்சுக்ட் முதல் சிலிகோசிஸ் வரை: ஜெர்மன் மருத்துவச் சொற்களும் தங்கவயலின் நுரையீரலும்

கோலார் தங்கவயலின் பகுதிப் பெயர்களுள் ஸ்கெலட்டன் என்பதும் ஒன்று. அங்கிருந்து ஜெர்மன் மொழி கற்கச் செல்லும் செவிலிய மாணவி, அப்பெயர் குறிக்கும் எலும்புக்கூட்டுக்கு இரண்டு ஜெர்மன் சொற்களைக் காண்பாள். ஒன்று 'ஸ்கெலெட்', உலர்ந்த உடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மற்றது 'க்னோகென்கெர்யுஸ்ட்', எலும்பு, சாரம் என்னும் இரு நாட்டுச் சொற்களின் தொகை. சுரங்கக் குழியின் வாயில்மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தையும் ஜெர்மானியர் அதே சாரம் என்னும் சொல்லைச் சேர்த்து 'ஃபோர்டர்கெர்யுஸ்ட்' என்றே வழங்குவர். உடலுக்கும் சுரங்கத்துக்கும் ஒரே சொல் பொதுவாக நிற்பது வியப்பன்று. ஜெர்மன் மருத்துவச் சொல்வளத்தின் ஒரு பகுதி சுரங்கத் தொழிலாளரின் நோய்களோடு சேர்ந்தே வளர்ந்தது.

இவ்விரட்டைத் தன்மை ஜெர்மன் மருத்துவமொழி முழுவதிலும் உண்டு. கோப்பில் 'நியுமோனி' என்று எழுதப்படுவதை நோயாளி 'லுங்கன்என்ட்ஸ்யுண்டுங்' என்கிறார். கோப்பில் 'டியாபேடிஸ் மெல்லிடுஸ்' என்றிருப்பது வீட்டில் 'ட்ஸுக்கர்கிராங்க்ஹைட்', அதாவது சர்க்கரை நோய். அயல்நாட்டில் பயின்ற மருத்துவர்களுக்கான துறைமொழித் தேர்வே இப்பிளவின்மீது அமைக்கப்பட்டதுதான். அது மூன்று பகுதிகளைக் கொண்டது; ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். முதலாவதில் நோயாளியிடம் அவர் மொழியில் பேச வேண்டும். இரண்டாவதில் கேட்டதைக் குறிப்பாக எழுத வேண்டும். மூன்றாவதில் சக மருத்துவரிடம் கலைச்சொல்லில் எடுத்துரைக்க வேண்டும். சொற்பட்டியலை மட்டும் மனனம் செய்தவர் தடுமாறுவது பெரும்பாலும் முதற்பகுதியில்தான்.

இப்பிளவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1527இல் பாசெல் நகர மருத்துவராக அமர்ந்த பாராசெல்சஸ், பல்கலைக்கழக மரபை மீறி லத்தீனை விடுத்து ஜெர்மனில் விரிவுரையாற்றினார். சுரங்கப் பகுதிகளில் வாழ்ந்து பழகிய அவர், 1533-34 அளவில் சுரங்கத் தொழிலாளரின் நோய்கள் குறித்து ஒரு நூலை எழுதினார். அவர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1567இல் அது அச்சேறியது. தொழில்சார் நோயொன்றை மட்டும் பொருளாகக் கொண்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது. அந்நோய்க்கு அதில் வழங்கப்பட்ட பெயர் 'பெர்க்சுக்ட்': மலைநோய், சுரங்கநோய். அக்காலத்தவரான கியோர்கியுஸ் அக்ரிகோலாவும் யோவாகிம்ஸ்தால் சுரங்க நகரில் மருத்துவராக இருந்தவரே. 1556இல் வெளிவந்த அவரது பெருநூல் லத்தீனில் அமைந்தது. தூசு நுரையீரலை அரிப்பதையும், முகத்திரை அணிய வேண்டியதையும், கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவரை அடுத்தடுத்து இந்நோய்க்கு இழந்த பெண்கள் இருந்ததையும் அது பதிவு செய்தது. சுரங்கத்தாரிடம் ஜெர்மனில் கேட்டதை அறிஞருக்கு லத்தீனில் சொல்லவேண்டியிருந்ததால், அவர் பல லத்தீன் தொடர்களைப் புதிதாக ஆக்க நேர்ந்தது. நோயுற்றவன் மொழியும் நோயறிந்தவன் மொழியும் பிரிந்துநின்ற நிலையை இவ்விரு நூல்களும் அருகருகே காட்டுகின்றன.

'சுக்ட்' என்னும் சொல் இன்றைய மாணவரை எளிதில் ஏமாற்றும். இக்கால ஜெர்மனில் அதன் பொருள் போதைக்கு அடிமையாதல். பழைய பொருள் நோய். எனவே 'கெல்ப்சுக்ட்' என்பது மஞ்சள் காமாலை; 'ஷ்விண்ட்சுக்ட்' என்பது உடல் தேய்ந்தழியும் காசநோய். தேய்தல் எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த க்ஷயம், தமிழின் எலும்புருக்கி ஆகியவை இதே கருத்தில் எழுந்தவை. சுரங்கத் தூசினால் வந்த இளைப்பும் நெடுங்காலம் இத்தேய்வுநோயோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 1867இல் ஃபிரீட்ரிக் ஆல்பெர்ட் ஃபொன் ட்ஸெங்கர் தூசுசார் நுரையீரல் நோய்களுக்கெல்லாம் கிரேக்க வேர்களிலிருந்து ஒரு பொதுப்பெயர் ஆக்கினார். இன்றைய நியுமோகோனியோசிஸ் அதன் வழிவந்தது. சிலிகாவினால் வருவது 'சிலிகோஸே' என்று தனிப்பெயர் பெற்றது. மக்கள் வழக்கில் அது 'ஷ்டௌப்லுங்கெ', தூசு நுரையீரல். 1929இல் ஜெர்மனி கடுமையான சிலிகோஸேயை ஈட்டுத்தொகைக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் அச்சொல் உரிமை கோரும் சொல்லாகவும் ஆயிற்று.

தங்கவயலின் வரலாறு இவ்விடத்தில் இணைகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைக் கையேற்றபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர், பெரும்பாலும் தலித் மக்கள், இங்கு வந்து குடியேறினர். தங்கம் படிந்திருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைத்தபோது எழுந்த தூசு சிலிகா. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற குழிகளில் அதைத்தான் அவர்கள் சுவாசித்தனர். இந்தியாவின் சமுதாய மருத்துவப் பாடநூல்கள் சிலிகோசிஸ் பற்றிய முதல் செய்தியை 1947ஆம் ஆண்டுக்கும் கோலார் சுரங்கங்களுக்கும் உரியதாகக் குறிக்கின்றன. பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நோயின் பெயரோ ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. தூசு, நுரையீரல் என்னும் இரண்டு எளிய சொற்களை இணைத்துத் தன் தாத்தாவின் மூச்சுத்திணறலைப் பெயரிடும் வாய்ப்பு, தங்கவயலின் மாணவிக்கு ஜெர்மன் வகுப்பில்தான் முதன்முதலாகக் கிட்டக்கூடும்.

தமிழ் மாணவர்க்கு இச்சொல்வளம் அச்சுறுத்துவதன்று. ஜெர்மன் நெடுஞ்சொற்கள் தமிழின் தொகைச்சொற்களைப் போன்றவை. இறுதிச் சொல்லே தலைமைச் சொல், அதன் பாலே முழுச்சொல்லின் பால். தூசைக் குறிக்கும் 'ஷ்டௌப்' ஆண்பாற் சொல்லாயினும், 'லுங்கெ' பெண்பாலாதலால் 'ஷ்டௌப்லுங்கெ' பெண்பாலே. 'என்ட்ஸ்யுண்டுங்' தீமூட்டுதலிலிருந்து பிறந்தது. தமிழின் அழற்சி அழலிலிருந்து பிறந்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தசையை ஜெர்மன் 'ட்ஸ்வெர்க்ஃபெல்', குறுக்குத்தோல், என்கிறது. தமிழ் உதரவிதானம், வயிற்றின் மேற்கட்டி, என்கிறது. இடர்களும் இல்லாமலில்லை. நோயாளி 'பிளிண்ட்டார்ம்' என்று சுட்டுவது பெரும்பாலும் குடல்வாலை. உடற்கூற்றியலில் அதே சொல் பெருங்குடலின் தொடக்கப் பையைக் குறிக்கும். குடல்வாலுக்கு அங்கே உரிய பெயர் வேறு: 'வுர்ம்ஃபோர்ட்ஸாட்ஸ்', புழுவடிவ நீட்சி.

தமிழிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கலைச்சொற்களைத் தொகுத்தார், மாணவருடன் சேர்ந்து பாடநூல்களை மொழிபெயர்த்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. தமிழில் மருத்துவம் பயின்றவர்கள் ஊர்களில் பணியாற்றினர். அம்முயற்சி அவருக்குப்பின் கல்லூரிக் கல்வியாக நிலைபெறவில்லை. இன்று தமிழ்ச்சொல் பாடநூல் அகராதியில் ஒருபுறமும், ஆங்கிலச்சொல் மருத்துவமனையில் மறுபுறமும் நிற்கின்றன. ஜெர்மனியில் அறிஞர்மொழி மக்கள்மொழியை விரட்டவில்லை. இரண்டையும் அறிந்திருப்பது மருத்துவரின் கடமையாயிற்று. தேர்வும் அதையே அளக்கிறது.

1960களில் கேரளச் செவிலியர் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றனர். 2021இல் கேரள அரசு நிறுவனம் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையோடு உடன்படிக்கை செய்தது. தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சி அளிக்கிறது. சுரங்கம் மூடியபின் வேலைதேடி வெளியேறும் தங்கவயலின் இளைஞர்க்கும் அப்பாதை திறந்திருக்கிறது. அவர்கள் செல்லும் நாட்டிலும் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் மூடியது. அங்குள்ள முதியோர் பிரிவுகளில் தூசு படிந்த நுரையீரலோடு ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் இன்றும் சிகிச்சை பெறுகின்றனர். அவர்களுள் ஒருவர் தம் இளைப்பைக் காட்டி 'ஷ்டௌப்லுங்கெ' என்று சொல்லும்போது, அச்சொல்லின் கனம் தங்கவயலில் பிறந்த செவிலியருக்கு அகராதி பாராமலே விளங்கும்.