கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்ட கதை

லேப்டாப் தொலைந்துவிட்டது. உடனே என்ன செய்வார்கள்? பதறிப்போய் வேறொரு கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றுவார்கள். மாற்றியதும் ஒரு நிம்மதி. "இனி எடுத்தவன் ஒன்றும் செய்ய முடியாது!"

அந்த நிம்மதி பல சமயம் பொய்யானது. தொலைந்த பெட்டிக்குள் இருப்பது கடவுச்சொல் அல்ல, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட வேறொரு சாவி. பூட்டை மாற்றினாலும் அந்தச் சாவி வேலை செய்யலாம். அதைத் தனியாகச் செல்லாததாக்க வேண்டும். மேகச் சேமிப்புக் கணக்குகளில் "சாதனத்தின் இணைப்பை நீக்கு" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது அதற்காகத்தான். இந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு நீளமான வரலாறு இருக்கிறது.

கணினிக்கு முன்னால் கடன் அட்டை

கொடுத்ததைத் திரும்பப் பெறும் சிக்கல் கணினியில் தொடங்கியது அல்ல. 1960களில் அமெரிக்காவில் கடன் அட்டைகள் பரவின. கடைக்காரர் அட்டையை ஒரு சிறிய கருவியில் வைத்து அழுத்தி இழுப்பார். அட்டையில் புடைத்திருக்கும் எண் கார்பன் தாளில் பதியும். அவ்வளவுதான் வியாபாரம்.

அட்டை திருடு போனால்? திருடன் கையிலிருந்து அதைப் பிடுங்க வங்கியால் முடியாது. ஆகவே திருடு போன அட்டைகளின் எண்களைப் பட்டியலாக அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் அந்தப் பட்டியலில் விரல் வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும். பட்டியல் அச்சாகி, தபாலில் வந்து சேரும் வரை திருடனுக்குக் கொண்டாட்டம்தான்!

1973ல் பாங்க் அமெரிகார்டு நிறுவனம் (பின்னாளில் விசா என்று பெயர் மாறியது) கணினி வழியாக ஒப்புதல் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. பல நாள் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஆனால் அடிப்படை மாறவில்லை. அட்டை திருடனிடமே இருக்கும், அதை மதிக்கும் இடத்தில்தான் அது செல்லாமல் போகும். இன்றைய இணைப்பு நீக்கமும் இதே தத்துவம்தான்.

நினைவில்லாத கருவியும் நினைவுள்ள கருவியும்

1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய நேரப் பகிர்வுக் கணினியில்தான் கடவுச்சொல் என்ற வழக்கம் வேரூன்றியது. ஒரே பெரிய கணினியைப் பலர் தட்டச்சுக் கருவிகள் வழியாகப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவிகளுக்கு நினைவு என்பதே கிடையாது. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போனாலும் போவது வெறும் இரும்புதான். கோப்புகள் மையக் கணினியில் பத்திரமாக இருக்கும்.

1994ல் நிலைமை மாறியது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி' என்ற உத்தியைக் கொண்டுவந்தார். வலைத்தளம் ஒரு சிறு துண்டுத் தகவலை உலாவியிடம் கொடுத்துவைக்கும். அடுத்த முறை உலாவி அதைக் காட்டினால், "ஓ, நீயா" என்று தளம் அடையாளம் கண்டுகொள்ளும். கடைத் தளத்தில் கூடையில் போட்ட பொருள் மறந்துபோகாமல் இருக்க உதவிய இந்த ஏற்பாடு, பிறகு "என்னை நினைவில் வைத்துக்கொள்" என்ற சிறிய கட்டமாக எல்லாத் தளங்களிலும் வந்து உட்கார்ந்தது.

வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து கருவியைத் தொலைப்பது என்பது கணக்கின் ஒரு சாவியையும் சேர்த்துத் தொலைப்பதாகிவிட்டது. சாவியைக் கொடுக்கும் வழி 1994லேயே வந்துவிட்டது. அதைத் திரும்பக் கேட்கும் வழி பயனருக்குக் கிடைக்க வெகுகாலம் ஆனது. மற்ற இடங்களில் திறந்து கிடக்கும் கணக்கைத் தொலைவிலிருந்தே மூடும் வசதியை ஜிமெயில் 2008 ஜூலையில்தான் அறிவித்தது.

மறந்துபோன பென் டிரைவ்

டிராப்பாக்ஸ் பிறந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகும் பேருந்தில் ஏறிய பிறகுதான் பென் டிரைவை மறந்து வைத்துவிட்டது தெரிந்ததாம். அந்த எரிச்சலில் பேருந்திலேயே நிரல் எழுதத் தொடங்கினாராம். 2007ல் அராஷ் ஃபெர்டவ்சியுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 2008 செப்டம்பரில் சேவை எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென் டிரைவ் தொலைந்தால் தொலைந்த நாள் வரை அதில் இருந்த கோப்புகள் மட்டும் போகும். மேகச் சேமிப்போடு இணைந்த லேப்டாப் தொலைந்தால் அப்படி அல்ல. அடுத்த வாரம் நீங்கள் வீட்டுக் கணினியில் சேமிக்கும் கோப்பும் அந்த லேப்டாப்புக்குச் சமர்த்தாகப் போய்ச் சேரும்! மறந்து வைத்த பென் டிரைவுக்குத் தீர்வாக வந்த சேவை, தொலைப்பதன் விலையைக் கூட்டிவிட்டது.

ஒரு சிறிய கோப்பு சொன்ன உண்மை

2011 ஏப்ரலில் டெரெக் நியூட்டன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் டிராப்பாக்ஸ் மென்பொருள் விண்டோஸ் கணினியில் என்னென்ன எழுதி வைக்கிறது என்று ஆராய்ந்தார். ஒரு சிறிய அமைப்புக் கோப்பில் அந்தக் கணினிக்கான அடையாள எண் இருந்தது. கடவுச்சொல் ஒருமுறை கொடுத்ததோடு சரி, அதன் பிறகு வழங்கி நம்பியது இந்த எண்ணை மட்டும்தான்.

அந்தக் கோப்பை இன்னொரு கணினிக்கு நகலெடுத்தால் அங்கேயும் எல்லாக் கோப்புகளும் இறங்கின. சாதனப் பட்டியலில் புதிய கணினி எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த எண் செல்லுபடியாகவே இருந்தது. கதவை அடைக்க ஒரே வழி, பட்டியலில் போய் அந்தச் சாதனத்தின் இணைப்பை நீக்குவதுதான்.

கணினியே ஒருவன் கையில் சிக்கிவிட்டால் எப்படியும் ஆபத்துதான் என்பது நிறுவனத்தின் பதில். பின்னர் வந்த பதிப்புகளில் அந்தக் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 19 அன்று இன்னொரு கூத்தும் நடந்தது. நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் சுமார் நான்கு மணி நேரம் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் கணக்குகள் திறந்தன! பிழையைச் சரிசெய்ததோடு, அந்த நேரத்தில் உள்ளே இருந்த எல்லோரையும் நிறுவனம் வெளியேற்றியது. பூட்டைச் சரிசெய்தால் போதாது, உள்ளே நுழைந்தவர்களின் சாவியையும் செல்லாததாக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

2012 ஜூலை இறுதியில், கணக்கில் தற்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் காட்டும் பக்கத்தை டிராப்பாக்ஸ் அறிவித்தது. ஓர் ஊழியரின் கடவுச்சொல் திருடு போனதை அடுத்து எடுத்த நடவடிக்கைகளில் அதுவும் ஒன்று. 2013 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 7009 என்ற இணையத் தர ஆவணம், ஒரு செயலிக்குக் கொடுத்த டோக்கனை எப்படி ரத்து செய்வது என்பதற்கு ஒரு பொது முறையை வகுத்தது.

கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்

திரும்பப் பெறும் அதிகாரம் தவறான கையில் கிடைத்தால்? அதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. ஆப்பிள் 2009 ஜூனில் தொலைந்த ஐஃபோனைத் தேடவும், தொலைவிலிருந்தே அதை அழிக்கவும் வசதி கொடுத்தது. 2012 ஆகஸ்ட் 3 அன்று வயர்டு இதழின் எழுத்தாளர் மேட் ஹோனனின் ஐகிளவுட் கணக்கை, வாடிக்கையாளர் சேவையை ஏமாற்றி விஷமிகள் கைப்பற்றினார்கள். அதே வசதியைப் பயன்படுத்தி அவருடைய ஐஃபோன், ஐபேட், மேக்புக் மூன்றையும் அழித்தார்கள். அவருடைய கைக்குழந்தையின் படங்களும் அதில் போயின. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. தரவு மீட்பு நிறுவனத்துக்குச் செலவு செய்து பெரும்பகுதியை மீட்டார்.

சாதனம் ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் அவரிடமேதான் இருந்தன. தொலைந்தது கணக்கு! அவர் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்கவில்லை. சாதனங்களை நீக்கும், அழிக்கும் அதிகாரம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் காவல் அதிகம் தேவை.

பொத்தான் செய்யாதது என்ன?

இணைப்பை நீக்கினால் புதிய கோப்புகள் போவது நிற்கும். ஏற்கெனவே அந்த வன்தட்டில் இறங்கிய கோப்புகள் தாமாக மறையாது. சில சேவைகளில், சில கட்டணத் திட்டங்களில் அவற்றையும் தொலைவிலிருந்து அழிக்கலாம். ஆனால் அதற்கு அந்தச் சாதனம் மறுபடி இணையத்துக்கு வர வேண்டும். வரவே இல்லையென்றால் கட்டளை காத்துக்கொண்டே இருக்கும், அன்றைக்குத் தபாலில் இருந்த அட்டைப் பட்டியல் மாதிரி.

வன்தட்டில் தங்கிவிடுவது எவ்வளவு என்பதை 2003ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய வன்தட்டுகள் 158 வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் உட்பட என்னென்னவோ கிடந்தன. விற்றவர்கள் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நம்பித்தான் விற்றிருப்பார்கள்.

ஆகவே விற்கும்போது ஒரு வரிசை, தொலைக்கும்போது ஒரு வரிசை. விற்பதென்றால், சாதனம் கையில் இருக்கும்போதே கணக்கிலிருந்து வெளியேறி, கோப்புகளை முழுதாக அழித்து, பிறகு பட்டியலிலும் பெயரை நீக்க வேண்டும். தொலைந்துவிட்டால், தேடவும் அழிக்கவும் கட்டளை கொடுத்துவிட்டு, இணைப்பை நீக்கி, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். கடவுச்சொல் மாறியதும் சில சேவைகள் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றும், சில வெளியேற்றாது. அதனால் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது.

2019 மார்ச்சில் டிராப்பாக்ஸ் தன் இலவசக் கணக்குகளுக்கு மூன்று சாதனங்கள் என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பைத் தொட்டவர்கள் புதிய போனை இணைக்க வேண்டுமானால் பழையதை நீக்கியாக வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டிய வேலையை இடப் பற்றாக்குறை செய்ய வைத்தது!

உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன், ஊருக்குப் போன நண்பனின் லேப்டாப், எப்போதோ உட்கார்ந்த பிரவுசிங் சென்டர் கணினி... யார் யார் கையில் உங்கள் சாவி இருக்கிறது என்று தெரிந்துவிடும். சாதனம் திரும்பி வராது. சாவியையாவது திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம்.