பரிசாக வந்த பழக்கம்
அந்தமான் பழங்குடி மக்களும் போதை நோய் வைத்தியமும்

மத்திய சர்க்கார் ஏடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியில் நாள்தோறும் நாம் சந்திக்கும் சொற்றொடர்களுள் ஒன்று, 'போதைக்கு அடிமையானவர்' என்பது. பழகிய தொடர்தான்; ஆயினும் அந்தமான் தீவுகளின் வரலாற்றைப் படித்த பிறகு, இதனை எழுதுந்தோறும் நம் பேனா சற்றே தயங்குகின்றது. 'ஆனவர்' என்பது தன்வினை. குடித்தவரே குற்றவாளி என்று அச்சொல் கூறாமற் கூறுகின்றது. 'ஆக்கியவர்' என்ற பிறவினைக்கு இங்கே இடமில்லையா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறி மூன்று நாள் கிழக்கு நோக்கிச் சென்றால் இத்தீவுகளின் தலைநகரை அடையலாம். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகருக்கு 2024 ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் சூட்டப்பட்டது. அதன் கடைத்தெருவிலே தமிழ் ஒலிப்பதைக் கேட்டு மகிழாத தமிழர் இலர். ஆயின் அந்நிலத்தின் தொன்மையான குடிகள் நாமும் அல்லோம். நமக்கு முன் வந்த ஆங்கிலேயரும் அல்லர். பெரிய அந்தமானியர், ஒங்கே, ஜாரவா, சென்டினலியர் என்போரே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். வில்லும் அம்பும் தேனும் மீனுமே அவர்தம் செல்வம். மதுவையும் புகையிலையையும் அவர்கள் அறியார்.

1858 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜே. பி. வாக்கர் என்னும் அதிகாரி, முதல் நாட்டு விடுதலைப் போரிற் பிடிபட்ட கைதிகளுடன் அங்கே வந்திறங்கினார். காடு வெட்டப்பட்டது, வேட்டை நிலம் சுருங்கிற்று. 1859 ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பும் துப்பாக்கியும் மோதிய அபர்டீன் போர் நடந்தது. முடிவு என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆயின் அம்மக்களைப் பணிய வைத்தது துப்பாக்கி மட்டுமன்று. 1863 ஆம் ஆண்டில் ஹென்றி கார்பின் என்னும் பாதிரியாரின் பொறுப்பில், ராஸ் தீவிலே 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பெற்றது. காட்டிலிருந்து அழைத்தும் பிடித்தும் வரப்பட்டோர்க்கு அங்கே உணவு கிடைத்தது, உடை கிடைத்தது, புகையிலையும் கிடைத்தது. தப்பியோடிய கைதிகளைக் காட்டிலே தேடிப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு வெகுமதி உண்டு. பழக்கம் வேரூன்றிய பின்னர், அதனைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு அவர்கள் தாமே மீண்டும் மீண்டும் இல்லத்தை நாடி வந்தார்கள். சங்கிலி பூட்டாமலே கட்டிவைக்கும் வித்தை அது.

இல்லத்தின் வழியே நோயும் பரவிற்று. 1876 ஆம் ஆண்டில் மேகநோய் கண்டறியப்பட்டது. 1877 ஆம் ஆண்டில் தட்டம்மை பெருவாரியாய் வந்தது. அம்மக்களின் பொறுப்பதிகாரியாயிருந்த போர்ட்மன், 1899 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில், வெளியார் தொடர்பினால் விளைந்த கேட்டினை மறைக்காமல் எழுதினார். எஞ்சிய கதையைக் குடிமதிப்பு ஏடுகள் கூறுகின்றன. 1901 இல் பெரிய அந்தமானியர் 625 பேர். 1921 இல் 207. 1931 இல் 90. 1961 இல் 19. நோயினால் மெலிந்த சமூகத்திலே மதுவும் அபினும் புகுந்தன. உற்றாரை இழந்து, காட்டை இழந்து, பேச ஆளின்றி மொழியையும் இழந்து நிற்பவன், துயரை மறக்க ஒரு பொருளை நாடுவானாயின், அதனை ஒழுக்கக் கேடு என்பதா, ஆறாப் புண் என்பதா?

சிறிய அந்தமானில் வாழும் ஒங்கே மக்களின் கதையும் இதனையே ஒத்தது. 1901 இல் 672 பேராயிருந்த அவர்கள், 2011 ஆம் ஆண்டின் கணக்கில் 101 பேர். விடுதலைக்குப் பின் 1956 ஆம் ஆண்டில் பழங்குடியினர் பாதுகாப்புக்கென ஒழுங்குவிதி பிறந்தது. பின்னர் டுகாங் கிரீக்கில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைந்தது. நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அரிசி, தேயிலையோடு புகையிலையும் அவர்களைச் சென்றடைந்தது. அக்கம்பக்கத்துக் குடியேறிகளோ, தேனையும் காட்டுப்பன்றி இறைச்சியையும் வாங்கிக்கொண்டு மதுவைக் கொடுத்தனர். 2008 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கரையிலே ஒதுங்கிய கலமொன்றில் இருந்த நச்சுத் திரவத்தை மது என்றெண்ணிப் பருகிய ஒங்கே ஆடவர் எண்மர் உயிரிழந்தனர். நூறு பேர் அளவேயான ஓர் இனத்தில் எட்டு ஆடவர் என்றால், அந்த இழப்பின் அளவை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, வைத்தியத்தின் பக்கம் பார்ப்போம். 1996 ஆம் ஆண்டில், காலெலும்பு முறிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவரை ஊரார் கண்டெடுக்க, போர்ட் பிளேர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை அளித்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்பினர். வைத்தியருக்கு ஜாரவா மொழி தெரியாது. இளைஞருக்கு வைத்தியர் மொழி தெரியாது. ஆயினும் எலும்பு கூடிற்று. மனம் அவ்வாறு கூடுமா? வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது புரியாத கேள்வியன்று. பம்பாயிலோ கல்கத்தாவிலோ நோயுற்றபோது, வயிற்றைத் தொட்டு வலியைக் காட்டியிருக்கிறோம். மனவலியைத் தொட்டுக் காட்ட இடமேது? அதற்குத் தாய்மொழி வேண்டும். கேட்பவர்க்குப் பொறுமையும் வேண்டும்.

போதை நோய்க்கு வைத்தியம் உண்டு என்பது இன்று ஐயமற்ற உண்மை. நெடுநாட் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தோன்றும். சிலர்க்கு வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். அத்தகையோரை மருத்துவமனையில் சேர்த்தே காக்க வேண்டும். ஏனையோர்க்குப் புறநோயாளர் முறை பொருந்தும். குறித்த நாளில் வந்து வைத்தியரைக் காண்பது, மருந்து பெறுவது, மனம்விட்டுப் பேசுவது, குடும்பத்தாரையும் உடன் அழைத்துவந்து அறிவுரை கேட்பது, தவறி விழுந்தால் வெட்கமின்றி மீண்டும் வருவது: இவையே அதன் படிகள். குடியோடு கூடிய துக்கத்தையும் அச்சத்தையும் சேர்த்துக் கவனியாத வைத்தியம் பாதி வைத்தியமே. ஆயின் தீவிலிருந்து தீவுக்குக் கப்பலேறிப் போகவேண்டியவரை, 'வாரந்தோறும் வருக' என்பது எளிதோ? ஆகவே, அங்கே வைத்தியந்தான் நோயாளியை நாடிச் செல்லல் வேண்டும்.

இது நடவாத காரியமன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபார்க் கரையூர்களை வாரிச்சென்ற பின்னர், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் வைத்தியர்கள் தீவுகளுக்குச் சென்று, முகாம்களிலேயே சிகிச்சை அளித்ததுடன், உள்ளூர் ஆசிரியர்களையும் தொண்டர்களையும் பயிற்றினர். முதல் மூன்று மாதங்களில் அவர்கள் ஆராய்ந்தபோது, இடம்பெயர்ந்தோரிடையே 5.2 விழுக்காட்டினர்க்கும், இடம்பெயராதோரிடையே 2.8 விழுக்காட்டினர்க்குமே மனநோய் காணப்பட்டது. ஊரோடும் உறவோடும் இருப்பதே ஒரு மருந்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நிக்கோபாரியரின் 'துகேத்' என்னும் பெருங்குடும்ப முறை துன்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையுமாகும். பின்னர் நிவாரணப் பணமும், குடும்பத்தைக் கூறுபோட்ட தனித்தனி வீடுகளும் வந்தபோது, அம்முறை தளர்ந்து குடி மிகுந்ததென்று அங்கு ஆராய்ந்தவர்கள் எழுதினர். மீண்டும் ஒரு பரிசு. மீண்டும் அதே கதை!

நம் தமிழகத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1980 ஆம் ஆண்டில் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய போதை நோய் மருத்துவ நிறுவனம், பின்னர் சோழநாட்டு மஞ்சக்குடிச் சிற்றூருக்கே சென்று முகாம் நடத்திற்று. ஊர்ப் பெரியோர் துணை நின்றனர். மனைவியரும் பெற்றோரும் உடனிருந்தனர். தீவுகளுக்கும் இவ்வழியே ஏற்றது. அவர்தம் மொழியறிந்த சுகாதார ஊழியர், அவர்தம் பெரியோரின் இசைவு, அவர்தம் கடற்கரையிலேயே வைத்தியம்: இம்மூன்றும் இன்றியமையாதவை.

அன்பர்களே, இத்தீவுகளுக்கு நம்மிற் பலர் செல்கிறோம்; சிலர் அங்கேயே வாழ்கிறோம். ஜாரவாக் காட்டின் ஊடே செல்லும் சாலையில் வெற்றிலையும் புகையிலையும் கைமாறியதுண்டு. 2002 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே அச்சாலையைக் குறித்து ஆணையிட நேர்ந்தது. அன்பின் பெயரால் ஒரு பொட்டலம் நீட்டுவது பரிசன்று என்பதை நாம் உணர்தல் வேண்டும். 'அடிமையானவர்' என்று எழுதும்போதெல்லாம் 'அடிமையாக்கியவர்' என்ற சொல்லும் நம் நினைவில் நிற்குமாயின், அவர்க்கு அளிக்கும் வைத்தியத்தை இரக்கம் என்று கருத மாட்டோம். தீர்க்கவேண்டிய கடன் என்றே கருதுவோம்.