ஆக்ராவில் கிடைத்த விடை: மனச்சிதைவு நோயும் ‘இந்தியக் குடும்பம்’ என்ற விளக்கமும்

மனச்சிதைவு நோயைப் பற்றி இந்திய வகுப்பறைகளில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் கூற்று ஒன்று உண்டு. இந்நோய் உலகெங்கும் ஒன்றே. ஆயினும் மேலைநாடுகளைவிட இந்தியாவில் நோயாளிகள் நன்கு தேறுகின்றனர். அதற்குக் காரணம் இந்தியக் குடும்பம். இக்கூற்றின் முதலிரு பகுதிகளும் ஆய்வுகளில் அளக்கப்பட்டவை. மூன்றாவது பகுதியோ, அளக்கப்பட்டதைவிட மிகுதியாக நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை எவ்வாறு உருவாயிற்று, அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதை அறிய, நோயின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இளவயதில் தோன்றி அறிவையும் ஆளுமையையும் படிப்படியாகச் சிதைக்கும் ஒரு நோயாக இதை வரையறுத்தார். அவர் இட்ட ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்ற பெயருக்கு இளமையில் வரும் அறிவழிவு என்று பொருள். அழிவில் முடிவது என்பது அந்த வரையறைக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1908இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் புளூலர் அப்பெயரை ஏற்க மறுத்தார். எல்லா நோயாளிகளுக்கும் நோய் இளமையில் வருவதில்லை, எல்லோரும் அறிவழிந்து போவதுமில்லை என்பது அவர் கண்டது. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு அறுபடுவதே நோயின் சாரம் என்று கருதி, ‘ஸ்கீசோஃப்ரினியா’ என்ற சொல்லை உருவாக்கினார். ஒருவருக்குள் இரு ஆளுமைகள் இருப்பது என்று திரைப்படங்கள் பரப்பிய பொருள் இச்சொல்லுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

அறிகுறிகளை இன்றைய மருத்துவம் இரு பெருங்கூறுகளாகப் பார்க்கிறது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, பிறர் தனக்கு எதிராகச் சதி செய்வதாக அசைக்க முடியாதபடி நம்புவது, தன் எண்ணங்களை வேறொருவர் இயக்குவதாக உணர்வது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை ஒருபுறம். பேச்சு குறைதல், முகத்தில் உணர்ச்சி வற்றுதல், எதையும் தொடங்கும் விருப்பமின்மை, மனிதர்களை விட்டு விலகுதல் ஆகியவை மறுபுறம். முன்னவை ஊரைத் திரட்டும். பின்னவை சோம்பல் என்றோ திமிர் என்றோ தவறாகப் பெயர் பெறும். நோயாளியின் வாழ்க்கையை நீண்டகாலம் முடக்குவன பெரும்பாலும் இரண்டாம் வகையினவே.

ஐரோப்பிய மருத்துவமனைகளில் வரையப்பட்ட இச்சித்திரம் பிற மக்களுக்கும் பொருந்துமா? கிரேப்பலினுக்கே இந்த ஐயம் இருந்தது. 1904இல் அவர் ஜாவாவுக்குச் சென்று அங்குள்ள மனநோயாளிகளைப் பார்வையிட்டார். ஆனால் முறையான ஒப்பீடு 1960களின் பிற்பகுதியில்தான் நிகழ்ந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆர்ஹுஸ், ஆக்ரா, காலி, இபாடன், லண்டன், மாஸ்கோ, பிராக், தைபே, வாஷிங்டன் என ஒன்பது மையங்களில் 1,202 நோயாளிகளை ஆராய்ந்தது. ஆக்ராவின் பழமையான மனநல மருத்துவமனையில் மருத்துவர் கே. சி. துபே தலைமையில் பணி நடந்தது. எல்லா மையங்களிலும் ஒரே நேர்காணல் முறை, அந்தந்த மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டது.

1973இல் வெளியான முதல் முடிவுகள் ஒற்றுமையைக் காட்டின. மனச்சிதைவு எனக் கண்டறியப்பட்டோரில் 97 விழுக்காட்டினருக்குத் தம் நிலை நோய் என்ற உணர்வு இல்லை. 74 விழுக்காட்டினருக்குக் குரல்கள் கேட்டன. ஆக்ராவின் நோயாளியும் லண்டனின் நோயாளியும் ஒரே நோயின் அடையாளங்களைக் கொண்டிருந்தனர். வியப்பு அதன் பின்னரே வந்தது. ஈராண்டு கழித்து அதே நோயாளிகளைத் தேடிச் சென்றபோது, ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாடனிலும் கொலம்பியாவின் காலியிலும் தேறியவர்கள் செல்வ நாடுகளைவிடக் கூடுதலாக இருந்தனர். மருத்துவ வசதி மிகுந்த இடத்தில் விளைவு நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு தலைகீழானது.

மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்ததால் ஏற்பட்ட பிழையோ இது என்ற கேள்வி எழுந்தது. 1978இல் தொடங்கிய அடுத்த ஆய்வு பத்து நாடுகளின் பன்னிரண்டு மையங்களில், முதன்முறையாக உதவி நாடி வந்தோரைப் பதிவு செய்தது. இந்தியாவிலிருந்து ஆக்ராவுடன் சண்டிகரும் சேர்ந்தது. சண்டிகரில் நகரமும் சுற்றுக் கிராமங்களும் தனித்தனியே ஆராயப்பட்டன. குறுகிய வரையறையின்படி, 15 முதல் 54 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் ஒரு லட்சத்துக்கு 7 முதல் 14 பேர் என்ற எல்லைக்குள் எல்லா இடங்களிலும் அடங்கினர். வரையறையை விரித்தபோது அந்த எல்லை 15 முதல் 42 வரை விரிந்தது. உச்ச எண் சண்டிகரின் கிராமங்களுக்கு உரியது. தேறுவதில் வளரும் நாடுகளின் முன்னிலை இம்முறையும் தொடர்ந்தது.

விளக்கம் தேடியவர்களின் பார்வை குடும்பத்தின்மீது விழுந்தது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் உள்ளிட்டோர், வீட்டாரின் கடும் விமர்சனம், பகைமை, மிகையான தலையீடு ஆகியவை மலிந்த வீடுகளுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு நோய் மீள்வது கூடுதல் என்று காட்டியிருந்தனர். என். என். விக் அவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் இணைந்து சண்டிகரில் அதே அளவுகோலைப் பயன்படுத்தி, 1987இல் முடிவுகளை வெளியிட்டனர். அத்தகைய வீடுகள் லண்டனைவிடச் சண்டிகரில் குறைவு. கிராமங்களில் இன்னும் குறைவு. இது மதிப்பு மிக்க கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு நகரிலும் அதன் கிராமங்களிலும் அளந்த ஒரு கூறு, கூட்டுக்குடும்பம், கர்மம் பற்றிய நம்பிக்கை, வேளாண் சமூகத்தின் பொறுமை என விரிந்து, ஒரு நாகரிகத்தின் இயல்பாகவே பேசப்படலாயிற்று.

இங்கே மேலைநாட்டு வரலாறு ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1948இல் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற கருத்தை எழுதினார். 1956இல் கிரகரி பேட்சன் குழுவினர், முரண்பட்ட கட்டளைகளில் பிள்ளையைச் சிக்கவைக்கும் குடும்ப உரையாடலை நோயின் வேராகக் கண்டனர். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குற்றவாளிகளாக நிற்க நேர்ந்தது. 1966இல் லியோனார்டு ஹெஸ்டன், நோயுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட 47 பேரை ஆராய்ந்தார். அவர்களுள் ஐவருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 50 பேருள் ஒருவருக்கும் இல்லை. வளர்ப்பன்று, மரபே முதன்மை எனத் தெரிந்தது. அதேவேளை ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆகவே மரபு மட்டுமே காரணமன்று. பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு, கருக்கால, பேறுகாலச் சிக்கல்கள், நகரச் சூழல், புலம்பெயர்வு, கஞ்சா, மூளையின் டோபமைன் இயக்கம் எனப் பலவும் சேர்ந்த விளைவாகவே நோய் இன்று புரிந்துகொள்ளப்படுகிறது. அங்கே தாய் பழிக்கப்பட்டாள்; இங்கே குடும்பம் போற்றப்பட்டது. இரண்டிலும் சான்று தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான பாரம் வீட்டின்மீது ஏற்றப்பட்டது.

குடும்பம் இந்தியாவில் முன்னுக்கு வந்ததற்குப் பண்பாட்டைக் காட்டிலும் எளிய காரணம் ஒன்றும் உண்டு. விடுதலைக்கு முன்னர் 1946இல் போர் குழு கணக்கெடுத்தபோது நாடெங்கும் இருந்த மனநலப் படுக்கைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். வேறு போக்கிடம் இல்லாதோரை வீடே தாங்கியது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினரையும் நோயாளியுடன் தங்கவைத்தார். அந்த முன்முயற்சியின் உட்பொருள் தெளிவானது: குடும்பம் தானாகவே மருந்தாகிவிடாது, நோயைப் புரிந்துகொள்ளவும் கவனித்துக்கொள்ளவும் அதற்குக் கற்றுத்தர வேண்டும், துணை நிற்க வேண்டும். பின்னாளில் பெருமையுடன் மேற்கோள் காட்டப்பட்டது குடும்பம் மட்டுமே. துணை நிற்றல் விடுபட்டுப் போயிற்று.

ஐயங்களும் எழாமல் இல்லை. விரைவில் தோன்றி முழுமையாக நீங்கும் வேறு வகைக் கடும் மனநோய் வளரும் நாடுகளில் பன்மடங்கு மிகுதி என்று 1994இல் எஸ்ரா சஸ்ஸர், ஜோசப் வாண்டர்லிங் இருவரும் காட்டினர்; தேறியோரில் ஒரு பகுதியினர் அவ்வகையினராக இருக்கலாம். அதன் பின்னரும் வேறுபாடு எஞ்சுகிறது என்று கிம் ஹோப்பர் முதலானோர் வாதிட்டனர். 2008இல் அலெக்ஸ் கோஹென், விக்ரம் படேல், ஆர். தாரா, ஓயே குரேஜே ஆகியோர் பதினொரு நாடுகளின் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். வளரும் நாடுகள் அனைத்திலும் விளைவு நன்று என்ற பொதுவிதி அவற்றிலிருந்து கிடைக்கவில்லை. இடத்துக்கு இடம் பெரும் வேறுபாடே கிடைத்தது. திருமணமானவர்கள் என்ற கணக்கின் பின்னால் இருந்ததைச் சென்னை ஆய்வொன்று வெளிக்கொணர்ந்தது. நோயுற்றதால் மணமுறிவுக்கோ கைவிடலுக்கோ ஆளான 76 பெண்களை அது ஆராய்ந்தது. பெரும்பாலோர் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியிருந்தனர். முதுமை எய்திய அப்பெற்றோரின் அச்சம் ஒன்றே: தமக்குப் பின் மகளை யார் பார்ப்பார்?

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் மாண்டனர். அவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. மருத்துவமும் பொருளும் வழிகாட்டலும் அருகில் இல்லாத குடும்பங்கள் தம்மால் இயன்ற கடைசி இடத்தில் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உடையோரில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிட்டவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்து, சிகிச்சையை உரிமையாக்கியது. அந்த உரிமை வீட்டு வாசல்வரை வந்துசேர்வது மாவட்ட அளவிலான மருத்துவரையும் தடையின்றிக் கிடைக்கும் மாத்திரையையும் பொறுத்தது.

ஆக்ராவும் சண்டிகரும் உலகுக்கு அளித்த செய்தி குறைத்து மதிக்கத்தக்கதன்று. மனச்சிதைவின் முடிவு அழிவே என்று கிரேப்பலின் எழுதிய விதியை அவ்வூர்களின் நோயாளிகள் பொய்யாக்கினர். சூழல் மாறினால் நோயின் போக்கும் மாறும் என்பது அவர்களால் உறுதிப்பட்டது. அச்சூழலில் குடும்பம் ஒரு பகுதி. மருந்து, வேலை, வருமானம், அண்டை அயலார், அரசு ஆகியவை மற்றப் பகுதிகள். முதற்பகுதியைப் புகழ்ந்து மற்றவற்றை மறப்பது, ஆய்வின் முடிவை அதற்கே எதிராகப் பயன்படுத்துவதாகும்.