நோட்ஸில் நாலு வரி: குட்டி அல்பேர்ட்டின் கதை

முதலாம் வருஷத்தில் உளவியல் எடுத்த எல்லாருக்கும் குட்டி அல்பேர்ட்டைத் தெரிஞ்சிருக்கும். நோட்ஸில் நாலு வரி. வெள்ளை எலியைக் காட்டினார்கள், பெரிய சத்தம் போட்டார்கள், பிள்ளை எலிக்குப் பயந்தது, பிறகு மயிருள்ள எல்லாத்துக்குமே பயந்தது. பவ்லோவின் நாய்க்கு அடுத்த பக்கத்தில் இருக்கும். சோதனைக்கு முதல் நாள் இரவு நானும் அதை அப்படியே பாடமாக்கினேன்.

சோதனையெல்லாம் முடிஞ்ச பிறகுதான் அந்த 1920ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி வாசிச்சேன். வெறும் 14 பக்கம். அதை வாசிச்ச பிறகு அந்த நாலு வரியையும் பழைய மாதிரி எழுத எனக்கு மனம் வரேல்லை.

ஜோன் வொட்சன் அப்போது அமெரிக்காவின் பல்டிமோரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனம், உணர்வு எண்டெல்லாம் பேசுறதை உளவியல் விடவேணும், கண்ணுக்குத் தெரியிற நடத்தையை மட்டும்தான் ஆராயவேணும் எண்டு 1913இல் அறிவிச்ச ஆள். 1915இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். பிறக்கும்போது பிள்ளையிடம் பயம், கோபம், அன்பு எண்ட மூன்று உணர்ச்சிகள்தான் இருக்கு, மற்றதெல்லாம் பழக்கத்தால் வாறது என்பது அவருடைய கட்சி. அதை நிரூபிக்க ஒரு குழந்தை தேவைப்பட்டது.

குழந்தை பக்கத்துச் சிறுவர் ஆஸ்பத்திரியில் கிடைச்சுது. அல்பேர்ட்டின் அம்மா அங்கே மற்றவர்களின் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுக்கிற வேலை செய்தவர். பிறந்த நாள் தொட்டு அவனும் கிட்டத்தட்ட ஆஸ்பத்திரியில்தான் வளர்ந்தான். அவனைத் தெரிவுசெய்ததற்குச் சொல்லப்படுகிற காரணம், அவன் லேசில் அழாத, அமைதியான பிள்ளை, அதனால் பெரிய கெடுதி வராது என்பது. அம்மாவிடம் கேட்டார்களா எண்டு கட்டுரையில் ஒரு வசனமும் இல்லை. (உளவியலாளர்களுக்கான முதலாவது ஒழுக்கக் கோவையை அந்தச் சங்கம் வெளியிட்டதே 1953இல்தான்.)

அல்பேர்ட்டுக்கு 9 மாதமாக இருக்கும்போது வெள்ளை எலி, முயல், நாய், குரங்கு, முகமூடிகள், பஞ்சு, எரியிற பத்திரிகை எல்லாம் காட்டினார்கள். ஒண்டுக்கும் பயப்படேல்லை. அவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடிச்சபோதுதான் அழுதான். 11 மாதத்தில் இரண்டையும் சேர்த்தார்கள். அவன் எலியைத் தொடக் கையை நீட்டுவான், பின்னால் சுத்தியல் விழும். முதல் நாள் இரண்டு தரம், ஒரு கிழமை கழிச்சு இன்னும் ஐந்து தரம். அதற்குப் பிறகு எலியை மட்டும் காட்ட, அழுதுகொண்டு தவழ்ந்து ஓடினான். மேசையின் விளிம்பிலிருந்து விழாமல் அவனைப் பிடிக்கவே கஷ்டப்பட்டார்களாம்.

நோட்ஸ் இதோட முடியும். ஆனால் கட்டுரை முடியேல்லை. ஐந்து நாள் கழிச்சு முயலைக் கண்டு அழுதான், கம்பளிக் கோட்டைக் கண்டும் அழுதான், ஆனால் பஞ்சுக்கு அவ்வளவாகப் பயப்படேல்லை. பயம் குறையிற மாதிரி இருக்க, திரும்பவும் எலியோட சேர்த்து இரும்பை அடிச்சார்கள். அந்த நேரம் முயலோடும் நாயோடும்கூட நேரடியாகவே சேர்த்து அடிச்சார்கள். அப்படியெண்டால் பிந்தி வந்த முயல் பயத்தை எலியிலிருந்து தானாகப் பரவினது எண்டு எப்படிச் சொல்லுறது? ஒரு மாதம் கழிச்சு, அவனுக்கு 1 வயசும் 21 நாளும் ஆனபோது, திரும்பவும் சோதிச்சார்கள். அப்போதும் முயலைக் கண்டு பின்வாங்கினான்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் மெல்லக் கையை நீட்டி அதன் காதைத் தொட்டான்.

எனக்கு மறக்க ஏலாமல் இருக்கிறது வேறொரு இடம். பெருவிரலைச் சூப்பிக்கொண்டிருக்கும்போது அல்பேர்ட்டுக்குப் பயம் வரேல்லை. அதனால் படம் பிடிக்கும்போது திரும்பத் திரும்ப அவன்ர வாயிலிருந்து விரலை எடுத்துவிடவேண்டி வந்தது எண்டு அவர்களே எழுதியிருக்கினம். ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லுற தொனியில்தான் அதை எழுதியிருக்கினம். இன்னொரு இடத்தில் பகிடியும் இருக்கு: 20 வருஷம் கழிச்சு இவன் கம்பளிக் கோட்டுப் பயத்தோட ஒரு ஃபிராய்டியரிடம் போனால், அவர் இதற்கு என்ன விளக்கம் சொல்லுவாரோ எண்டு.

கடைசிச் சோதனை நடந்த அன்றைக்கே அல்பேர்ட் ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டான், அதனால் பயத்தைப் போக்க வாய்ப்புக் கிடைக்கேல்லை எண்டு கட்டுரை சொல்லுது. ஆனால் அவன் போகப்போறது ஒரு மாதத்துக்கு முன்னமே அவர்களுக்குத் தெரியும் எண்டு வரலாற்றாய்வாளர் பென் ஹரிஸ் 1979இல் எடுத்துக்காட்டினார். அவர் செய்த வேலை இன்னும் சுவாரசியமானது. அறிமுகப் பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அல்பேர்ட் கதை எப்படி மாறி வந்தது எண்டு பார்த்தார். எலிக்குப் பயந்த பிள்ளை ஒரு புத்தகத்தில் பூனைக்குப் பயப்படுது, இன்னொன்றில் தாடிக்கு, வேறொன்றில் கரடிப் பொம்மைக்கு. சில புத்தகங்களில் வொட்சன் கடைசியில் பயத்தைப் போக்கியே விட்டார். ஒருத்தர் மற்றவரைப் பார்த்து எழுத, மூலத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. எங்கட நோட்ஸும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

உண்மையில் ஒரு பிள்ளையின் பயத்தைப் போக்கிக் காட்டினவர் மேரி கவர் ஜோன்ஸ், 1924இல். பீற்றர் எண்ட சின்னப் பையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். எங்கட நோட்ஸில் அவருடைய பெயர் இல்லை. அல்பேர்ட் கட்டுரையின் மற்ற ஆசிரியர் றொசாலி றேனரின் பெயரும் இல்லை, வொட்சன் மட்டும்தான். றேனர் அப்போது ஆராய்ச்சி மாணவி. இரண்டு பேருக்கும் இருந்த உறவு வெளியே தெரியவர, 1920இல் வொட்சன் பல்கலைக்கழகத்தை விட்டுப் போக வேண்டிவந்தது. பிறகு றேனரைக் கலியாணம் கட்டி, விளம்பர நிறுவனமொன்றில் நல்ல நிலைக்கு வந்தார். றேனர் 1935இல், 36 வயசில் இறந்தார்.

அல்பேர்ட் யார் என்பதை 2009இல் ஒரு குழு தேடிக் கண்டுபிடிச்சதாகச் சொல்லிச்சு. அவர்கள் சொன்ன பிள்ளை, தலையில் நீர் கோர்க்கும் நோயால் 6 வயசிலேயே இறந்திட்டுது. 2014இல் ஹரிஸும் சேர்ந்த இன்னொரு குழு அதை மறுத்து வேறொருவரைக் காட்டிச்சு. பெயர், நிறை எல்லாம் அவருக்குத்தான் கூடப் பொருந்துது. அவர் 2007 வரைக்கும் வாழ்ந்தவர், அதாவது யாரும் போய்க் கேட்க முதலே இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் 1919 மார்ச்சில் பிறந்தவர்கள். இரண்டு பேரின் அம்மாமாரும் அந்த ஆஸ்பத்திரியில் பால் கொடுத்தவர்கள்.