புழுவிலிருந்து தரவுத்தளம் வரை ஒரு வாக்கியம்

சி. எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு. 1993இல் சிந்தியா கென்யனின் குழு ஒரே ஒரு மரபணுவின் திரிபால் அதன் ஆயுள் இரட்டிப்பாவதைக் காட்டியது. டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு செயல்படாவிட்டால் அந்த நீண்ட ஆயுள் கிடைப்பதில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. 2001இல் டாஃப்-16 புரதத்தோடு பச்சை ஒளிர்புரதத்தைச் சேர்த்து ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாதாரண நிலையில் உயிரணு முழுக்கப் பரவியிருந்த பச்சை, புழுவுக்குச் சூடு பட்டதும் உட்கருவுக்குள் போய்க் குவிந்தது. கண்ணால் கண்டது கட்டுரையில் ஒரு வாக்கியமாயிற்று.

இப்படிப்பட்ட வாக்கியங்கள் பெரும்பாலும் கட்டுரையின் நடுவே, முடிவுகள் பகுதியில் இருக்கும். சுருக்கத்தை மட்டும் துழாவும் தேடலுக்கு அவை அகப்படா. இந்தப் புழுவுக்கென்றே உள்ள வோர்ம்பேஸ் தரவுத்தளத்தில் உயிரியல் படித்த தொகுப்பாளர்கள் கட்டுரைகளை வாசித்துத்தான் அவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். பொறுமையும் புலமையும் வேண்டிய வேலை அது. கட்டுரைகள் குவியும் வேகத்துக்கு எத்தனை கண்கள் இருந்தாலும் போதாது.

2004இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் ஹான்ஸ்-மைக்கேல் முல்லர், எய்மியர் கென்னி, பால் ஸ்டெர்ன்பெர்க் மூவரும் டெக்ஸ்ட்பிரெஸ்ஸோ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். அது கட்டுரை முழுவதையும் வாக்கியங்களாகப் பிரித்து, தனக்குத் தெரிந்த சொற்களுக்கெல்லாம் இனம் குறிக்கும். புரதம் எங்கே இருக்கிறது என்று தேட வோர்ம்பேஸ் குழுவினர் நான்கு இனங்களை வைத்துக்கொண்டார்கள்: புரதத்தின் பெயர், உயிரணுவின் பாகம், சோதனை முறை, ‘குவிந்தது’, ‘காணப்பட்டது’ போன்ற வினைச்சொல். நான்கும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்திருந்தால் அது தொகுப்பாளரின் திரைக்கு வந்துவிடும். இதனால் வேலை குறைந்தது 8 மடங்கு விரைவாகலாம் என்று 2009இல் அவர்கள் கணக்கிட்டார்கள்.

அடுத்தது ஜீன் ஆன்டாலஜி. பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் 1998இல் கூடித் தொடங்கிய பொதுச் சொல்லடைவு அது. அங்கே உட்கருவுக்கு ஜிஓ:0005634 என்று ஓர் எண். தொகுப்பாளர் வாக்கியத்தைப் படித்து ஒப்புக்கொண்டதும் டாஃப்-16 அந்த எண்ணோடு இணைகிறது. கூடவே ஐடிஏ என்ற சான்றுக் குறியும் ஏறுகிறது. நேரடிச் சோதனையில் கண்டது என்று அதற்குப் பொருள். மனிதர் சரிபார்க்காமல் கணினி தானாகச் சேர்த்த குறிப்புக்கு ஐஇஏ. என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டிலேயே அருமையானது இந்த மூன்றெழுத்துதான். அது இல்லாவிட்டால் கண்டதும் கணித்ததும் ஒரே பட்டியலில் கலந்துவிடும்.

வழியில் ஓர் இழப்பும் நேர்கிறது. ‘சூடு பட்டதும்’ என்ற நிபந்தனை கழன்றுபோய், ‘உட்கருவில் உள்ளது’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. டாஃப்-16 எப்போதும் உட்கருவில் இருப்பதில்லை. சமயம் பார்த்து உள்ளே போவதுதான் அதன் இயல்பே. இந்தக் குறையை உணர்ந்து, எந்தச் சூழலில் என்று சேர்த்தெழுதவும் பின்னாளில் இடம் ஒதுக்கினார்கள். மூலக் கட்டுரையின் எண்ணும் குறிப்போடு கூடவே இருப்பதால், சந்தேகம் வந்தவர் திரும்பிப்போய்ப் பார்க்கலாம்.

டாஃப்-16க்கு மனித உடலிலும் உறவுப் புரதங்கள் உண்டு. ஃபாக்ஸோ3 அவற்றில் ஒன்று. புழுவில் கண்டதைப் பரிணாம உறவை வைத்து மனிதப் புரதத்துக்குக் கொண்டுசெல்லும்போது ஐடிஏ கூடவே போகாது. அங்கே வேறு குறிதான் இடப்படும்.